பழைய கார் வாங்குமுன்: வயதைவிட அது செய்த வேலையைப் பாருங்கள்

ஒரு மூட்டை துவரம் பருப்பு வாங்குவதென்றால், சாக்கின் மேல் அச்சிட்ட பெயரைப் பார்த்துப் பணம் கொடுப்பவர் நம்மில் யாரும் இல்லை. குத்தூசி போட்டு எடுத்து உள்ளங்கையில் கொட்டிப் பார்க்கிறோம். வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கிறோம். எந்த ஊர்ச் சரக்கு, எத்தனை நாள் குடோனில் கிடந்தது என்று கேட்கிறோம். அதே வணிகர் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கொடுத்துப் பழைய கார் வாங்கப் போகும்போது மேல் பாலிஷையும் மீட்டரில் தெரியும் எண்ணையும் நம்பிவிடுகிறார். சரக்கு பார்க்கும் கண்ணைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போகலாமா? குறைந்த பணத்தில் நம்பகமான கார் தேடும் சங்க அன்பர்களுக்காக, கவனிக்க வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறோம்.

தேவையும் ஆபத்தும்

இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து சான்ட்ரோ கார் 1998-இல் விற்பனைக்கு வந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 2012-இல் டைம்லர் லாரித் தொழிற்சாலையும், 2013-இல் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலையும் ஒரகடத்தில் வந்தன. வல்லம், வடகால், மாத்தூர், சுங்குவார்சத்திரம், படப்பை என்று குடியிருப்புகள் பெருகின. கூடவே நம் மளிகைக் கடைகளும் பெருகின. இன்று கடை ஓர் ஊரில், வீடு வேறு ஊரில், பிள்ளைகள் படிப்பது மூன்றாவது ஊரில். கொள்முதலுக்குக் காஞ்சிபுரத்திற்கோ கோயம்பேட்டிற்கோ விடியுமுன் புறப்பட வேண்டும். கனரக லாரிகள் ஓடும் சாலையில் மழை நாளில் இரு சக்கர வண்டியில் போவது உயிரோடு விளையாடுவதாகும். ஆகவே கார் வேண்டும் என்பது ஆடம்பரம் அல்ல, நியாயமான தேவைதான்.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. மொத்த வியாபாரத்தில் உள்ள நாங்கள் கடைக்காரர்களின் கணக்கைப் பேரேட்டில் பார்க்கிறோம். 15 நாளில் பில் தொகை கட்டிவந்தவர், கார் வாங்கிய சில மாதங்களில் 40 நாள், 50 நாள் என்று தள்ளத் தொடங்குகிறார். காரின் விலையால் இது நேர்வதில்லை. வாங்கிய பின் கிளட்ச், ரேடியேட்டர், டயர் என்று அடுத்தடுத்து வரும் செலவு கைமுதலைத் தின்றுவிடுகிறது. அரிசியும் எண்ணெயும் வாங்க வேண்டிய பணம் மெக்கானிக் ஷெட்டுக்குப் போகிறது. பண்டிகைக்குச் சரக்கு நிரப்ப முடியாமல் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். பழைய காரில் நாம் காப்பாற்ற வேண்டியது காரை மட்டும் அல்ல, கடையின் முதலையும்தான்.

முதல் கேள்வி: ஆளுக்கா, மூட்டைக்கா?

கார் பார்க்கப் புறப்படுமுன் இதை முடிவு செய்ய வேண்டும். பழைய மாருதி ஓம்னியை வாங்கிப் பின் சீட்டைக் கழற்றிவிட்டு மூட்டை ஏற்றுவது நம்மவரிடையே பழக்கம். தனியார் கார் இன்சூரன்ஸ் பத்திரத்தில் பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். வாடகைக்கு ஓட்டுவதும், சாம்பிளும் சொந்தப் பைகளும் தவிர்த்த சரக்கு ஏற்றுவதும் அதில் விலக்கப்பட்டிருக்கும். மூட்டையோடு போகும்போது விபத்து நடந்தால் இழப்பீட்டுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி மறுப்புச் சொல்ல இடம் உண்டு. பின் சீட்டைக் கழற்றுவதும் ஆர்.சி.யில் உள்ள விவரத்திற்கு மாறான செயல்.

தினமும் மூட்டை ஏற்றுவதுதான் வேலை என்றால் சரக்கு வண்டியாகவே பதிவான சிறு வண்டியைத் தேடுங்கள். 2005-இல் வந்த டாடா ஏஸ், அதாவது நம் ஊர்களில் குட்டியானை, அந்த வேலைக்கென்றே செய்யப்பட்டது. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. எப்.சி. மட்டும் 8 ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பின் ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். வாரம் ஒரு நாள்தான் மூட்டை என்றால் அந்த ஒரு நாளைக்குக் குட்டியானையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, குடும்பத்திற்கும் கொள்முதல் பயணத்திற்கும் சிறு கார் வைத்துக்கொள்வது லாபம். இனி எழுதுவது அந்தச் சிறு காரைப் பற்றி.

பணத்தைப் பிரிக்கும் முறை

கையில் 2 லட்சம் இருந்தால் 2 லட்சத்திற்குக் கார் பார்க்கக் கூடாது. முக்கால் பங்கு, அதாவது 1,50,000 ரூபாய்தான் காரின் விலை. பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் இவற்றுக்கு 20,000. மீதி 30,000 ரூபாயை முதல் ஆறு மாத ரிப்பேருக்கென்று தனியே வைக்க வேண்டும். நான்கு டயர், பேட்டரி, பெல்ட், பிரேக், ஆயில் இவற்றில் இரண்டு மூன்றாவது முதல் ஆறு மாதத்தில் கேட்காமல் இருக்காது. இந்த 2 லட்சமும் சரக்கு முதலைத் தொடாத பணமாக இருக்க வேண்டும். பண்டிகைக் கொள்முதலுக்கு வைத்த பணத்தில் கார் வாங்கி, பிறகு வட்டிக்கு வாங்கிச் சரக்கு போடுபவர் ஒரே காருக்கு இரண்டு விலை கொடுக்கிறார்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய புதுக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதமும் செஸ்ஸும் என்பதிலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புதுக் காரின் விலை இறங்கினால் பழைய காரின் விலையும் இறங்க வேண்டும். அதே மாடலின் இன்றைய புது விலையைக் கேட்டுக்கொண்டு பேரத்திற்குப் போங்கள். பழைய விலைப் பட்டியலை வைத்துப் பேசுபவரிடம் அதைச் சொல்லுங்கள்.

நம் பகுதியில் கார் எங்கிருந்து வருகிறது?

பாடத்தின் நடுநாயகமான பகுதி இதுதான். எட்டு வயதுக் கார் நல்லதா, பன்னிரண்டு வயதுக் கார் நல்லதா என்பதற்கு வயது பதில் சொல்லாது. அது என்ன வேலை செய்தது என்பதே பதில் சொல்லும். நம் தொழிற்சாலைப் பகுதியில் விற்பனைக்கு வரும் கார்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

ஒன்று, கம்பெனி ஊழியர்களின் சொந்தக் கார். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர் மாற்றலாகிப் போகும்போது விற்பார். வாடகை வீட்டிலிருந்து தொழிற்சாலைக்கும், வார இறுதியில் ஊருக்கும் ஓடிய வண்டி. சர்வீஸ் ரசீதுகள் இருக்கும். வீட்டைக் காலி செய்யத் தேதி குறித்தவர் விலையில் பிடிவாதம் பிடிக்க மாட்டார். நம் கடைக்கு வரும் வாடிக்கையாளரிடையே இப்படிப்பட்டவர் இருப்பார். மாதச் சாமான் வாங்குபவர் அடுத்த மாதம் கணக்கு வேண்டாம் என்று சொன்னால், ஊர் மாறுகிறார் என்று பொருள். கார் விற்கும் எண்ணம் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். புரோக்கர் கமிஷன் இல்லாத நல்ல வழி இது.

இரண்டு, ஷிப்டுக்கு ஆள் ஏற்றிய வாடகை வண்டி. மஞ்சள் போர்டில் ஓடிவிட்டுப் பிறகு வெள்ளை போர்டுக்கு மாற்றி விற்கப்படும். நாளுக்கு 150 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 45,000 கிலோமீட்டர் ஆகிறது. நான்கே ஆண்டில் 1,80,000. சொந்தக் கார் நாளுக்கு 25 கிலோமீட்டர் ஓடினால் அந்தத் தூரத்தை எட்ட ஏறக்குறைய 20 ஆண்டு பிடிக்கும். ஆனால் வயதைக் கேட்டால் வாடகை வண்டி இளமையாகத் தெரியும். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பரில் மூடப்பட்டது போல, ஒரு பெரிய கம்பெனி மூடினாலோ ஷிப்டைக் குறைத்தாலோ ஒப்பந்த வண்டிகள் வேலை இழந்து சந்தைக்கு வரும். இதைக் கண்டுபிடிக்க அடையாளங்கள் உண்டு: கதவில் ஸ்டிக்கர் உரித்த தடம், கூரையில் கேரியர் போட்ட துளை, வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கழற்றிய ஒயர், தேய்ந்து வழவழப்பான பின் கதவுக் கைப்பிடி. பின் சீட்டு முன் சீட்டைவிட நைந்திருந்தால் அது குடும்பக் கார் அல்ல. வாடகை வண்டியை வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. வாடகை வண்டி என்று தெரிந்து, அதற்குரிய விலையில் வாங்க வேண்டும்.

மூன்று, தண்ணீரில் நின்ற கார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றின் கரையில் உள்ள வரதராஜபுரம், முடிச்சூர் பகுதிகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையிலும் புறநகரிலும் மறுபடி கார்கள் மூழ்கின. நம் பட்ஜெட்டில் கிடைக்கும் கார்கள் பெரும்பாலும் 10 வயதை ஒட்டியவை. ஆகவே அவற்றில் சில 2015-இல் புதுக் காராக நின்று நனைந்தவையாக இருக்கலாம். இன்சூரன்ஸ் கம்பெனி முழு நஷ்டம் என்று தீர்த்த வண்டிகளும் ரிப்பேர் செய்யப்பட்டுச் சந்தைக்கு வருவது உண்டு. நனைந்த காரின் நோய் ஒயரிங்கில் இருக்கும். இன்று ஹாரன் அடிக்காது, நாளை விளக்கு எரியாது, மறுநாள் நடுவழியில் நிற்கும். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் நீர்க் கறை கோடு போல இருக்கும். தரை விரிப்பின் ஓரத்தைத் தூக்கி வண்டல் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் சீட்டின் அடிக் கம்பியிலும் துரு இருக்கிறதா, கண்ணாடியை மூடி உட்கார்ந்தால் ஈரச் சாக்கு நாற்றம் வருகிறதா என்று பாருங்கள். வாசனைத் திரவியம் அளவுக்கு மேல் அடித்திருந்தால் அதையும் ஒரு சாட்சியாகக் கொள்ளுங்கள்.

நான்கு, வெளி மாநிலக் கார். டெல்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிக்கும் 2018-இல் உச்ச நீதிமன்றம் தடை உறுதி செய்த பின், அங்கிருந்து மலிவாகத் தெற்கே வண்டிகள் வந்தன. பாதி விலை என்று மயங்கக் கூடாது. அந்த மாநிலத்தின் தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, வயதுக்கேற்ற வரி எல்லாம் சேர்த்தால் மலிவு கரைந்துவிடும். புரோக்கர் பார்த்துக்கொள்வார் என்று எதையும் விடாதீர்கள். காகிதம் கைக்கு வந்த பின்தான் பணம்.

எந்த மாடல்?

பட்ஜெட் குறைவாக உள்ளவருக்கு ஒரே விதி: தெருமுனை மெக்கானிக்குக் கைவந்த வண்டி, பக்கத்து ஊர்க் கடையில் பாகம் கிடைக்கும் வண்டி. ஆல்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ, ஐ10 இவை அந்த வகை. விற்பனை நிறுத்திய கம்பெனிகளின் கார்கள் விலை குறைவாகக் கிடைக்கும். ஷெவர்லே 2017 இறுதியில் இந்திய விற்பனையை நிறுத்தியது. மறைமலைநகர் ஃபோர்டு தொழிற்சாலையில் 2022-இல் உற்பத்தி நின்றது. டட்சன் பெயரும் 2022-இல் முடிந்தது. ஃபோர்டு கார் உறுதியானது என்பதில் ஐயமில்லை. ஆனால் வாங்குமுன் ஹெட்லைட், பம்பர், கிளட்ச் செட் மூன்றுக்கும் விலையும் கிடைக்கும் நாளும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள்.

டைமிங் பெல்ட் பற்றிச் சிலரே கேட்கிறார்கள். மாருதி 800, ஓம்னி, 796 சி.சி. ஆல்டோ, பழைய சான்ட்ரோ, 1.1 லிட்டர் ஐ10 இவற்றின் எஞ்சினில் ரப்பர் பெல்ட். ஆல்டோ கே10, 1.2 லிட்டர் கப்பா எஞ்சின் ஐ10 இவற்றில் செயின். பெல்ட்டுக்கு ஆயுள் உண்டு. கடைசியாக எப்போது மாற்றியது என்பதற்கு ரசீது இல்லை என்றால், வாங்கிய வாரமே மாற்றிவிட வேண்டும். அறுந்தால் வண்டி நடுவழியில் நிற்கும். சில எஞ்சின்களில் வால்வும் வளையும்.

டீசலா, பெட்ரோலா? நாளுக்கு 25 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 7,500 கிலோமீட்டர். பெட்ரோல் கார் 15, டீசல் கார் 20 கிலோமீட்டர் கொடுப்பதாகவும், விலை லிட்டர் 100, 92 என்றும் வைத்துக்கொள்வோம். பெட்ரோலுக்கு 50,000 ரூபாய், டீசலுக்கு 34,500 ரூபாய். மிச்சம் 15,500. பழைய டீசல் காரில் இன்ஜெக்டரோ டர்போவோ ஒருமுறை கெட்டால் இந்த மிச்சம் போய்விடும். ஆகவே குறைவாக ஓடும் நமக்குப் பெட்ரோலே ஏற்றது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. பழைய காரின் ரப்பர் பெட்ரோல் குழாய்களில் வெடிப்பு, கசிவு இருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வண்டியைப் பார்க்கும் முறை

1. காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள். நாம் போகுமுன்பே சூடேற்றி வைத்திருந்தால் வேறு நாள் வருவதாகச் சொல்லித் திரும்புங்கள்.

2. ஸ்டார்ட் செய்ததும் புகையைப் பாருங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பின்னும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் கூலன்ட் உள்ளே போகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். ஆயில் மூடியின் அடியில் மோர் போல வெண்மை படிந்திருந்தாலும் அதே சந்தேகம்.

3. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-வது வாரம் செய்தது. மீட்டர் 30,000 காட்டி, டயர் இரண்டாம் முறை மாற்றியதாக இருந்தால் மீட்டர் பொய் சொல்கிறது. பெடல் ரப்பரும் ஸ்டீயரிங் உறையும் உண்மை சொல்லும்.

4. பகல் வெளிச்சத்தில் பக்கவாட்டிலிருந்து பெயிண்டைப் பாருங்கள். ஒரு கதவு மட்டும் நிறம் மாறியிருந்தால் பட்டி பார்த்த வண்டி. பானெட்டின் உட்புற போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம், சேஸிஸின் முன் பகுதியில் வெல்டிங் இருந்தால் பெரிய விபத்து. அதை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

5. ஏற்றமான இடத்தில், குண்டும் குழியுமான தெருவில், பிறகு நெடுஞ்சாலையில் என மூன்று இடத்திலும் ஓட்டுங்கள். பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது.

6. விற்பவருக்குத் தெரியாத, நமக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். அவருடைய அரை நாள் கூலி நாம் செய்யும் சிக்கனமான செலவு.

காகிதம்

எஞ்சின் கெட்டால் சரிசெய்யலாம். காகிதம் கெட்டால் வண்டி நம்முடையதே ஆகாது. முதலில் பரிவாஹன் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பதிவு தேதி, எத்தனையாவது உரிமையாளர், இன்சூரன்ஸ், கடன் குறிப்பு எல்லாம் பாருங்கள். நிலுவை அபராதம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் உள்ளதோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள்.

சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குத்தான். பிறகு வண்டியைக் காட்டி 5 ஆண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். 15 ஆண்டு கடந்த காரைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் கட்டணம் 5,000 ரூபாய்; பசுமை வரியும் உண்டு. 13 வயதுக் கார் வாங்குபவர் இரண்டே ஆண்டில் இந்தச் செலவு வரும் என்பதை இன்றைய பேரத்திலேயே கழித்துக்கொள்ள வேண்டும்.

பெயர் மாற்றத்திற்குப் படிவம் 29, 30. கடன் இருந்த வண்டி என்றால் படிவம் 35-உம் கடன் கொடுத்தவரின் கடன் தீர்ந்த சான்றும் வேண்டும். கன்சல்டிங்காரரிடம் வாங்கினால், 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி அவருக்கு அங்கீகாரச் சான்று இருக்கிறதா, உரிமையாளர் வண்டியை ஒப்படைத்த படிவம் 29-சி இருக்கிறதா என்று கேளுங்கள். தேதி போடாத கையெழுத்துப் படிவத்தைக் கொடுத்து, எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். அதை ஏற்கக் கூடாது.

இது விற்பவருக்கும் பாடம். நம்மில் பலர் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறோம். கைமாறிக் கைமாறிப் போய் 2009-இல் விபத்துக்குள்ளான ஒரு வண்டியின் வழக்கில், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு. ஆண்டுகளுக்கு முன்பே விற்றுவிட்டேன் என்ற பதில் எடுபடவில்லை. சட்டப்படி விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸையும் வாங்கியவர் 14 நாளுக்குள் தம் பெயருக்கு மாற்ற வேண்டும். மூன்றாம் நபர் காப்பு வண்டியோடு வரும். நம் வண்டியின் சேதத்திற்கான காப்பு தானாக வராது. முந்தியவர் பெற்ற நோ கிளெய்ம் போனஸும் அவரோடு போய்விடும்.

பணம் கொடுத்தல்

முன்பணம் சிறு தொகையாக, வங்கி வழியாக, ரசீதோடு இருக்கட்டும். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது 2017 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டத்தில் உள்ள விதி. மீறினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். தனி நபரிடம் வாங்கும் காருக்கு ஜி.எஸ்.டி. இல்லை. பதிவு பெற்ற வியாபாரியிடம் வாங்கினால், அவருடைய லாபப் பகுதிக்கு மட்டுமே 18 சதவீதம். முழு விலைக்கும் வரி போட்டுக் கேட்டால் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். விற்பனை ரசீதில் தேதியோடு வண்டி ஒப்படைத்த மணியையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அன்று காலை நடந்த குற்றத்திற்கு மாலையில் வாங்கியவர் பதில் சொல்லும் நிலை வராது.

முடிவாக

நல்ல பழைய கார் ஒரே நாளில் கிடைக்காது. ஐந்து வண்டியைத் தள்ளினால்தான் ஆறாவது வண்டியின் தரம் புரியும். ஒவ்வொன்றிலும் கண்டதை ஒரு தாளில் எழுதி வாருங்கள்: என்ன வேலை செய்த வண்டி, காகிதம் முழுமையா, உடனே ஆகும் செலவு எவ்வளவு. இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் இல்லாத வண்டியை, விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். விலை குறைந்த காரணம் நமக்குத் தெரியவில்லை என்றால், அது விற்பவருக்குத் தெரிந்திருக்கிறது என்று பொருள். பத்து நாள் பொறுத்தால் வேறொரு கார் வரும். கரைந்துபோன கடை முதல் அவ்வளவு சீக்கிரம் திரும்பி வராது.